தேர்வறைக்கு வெளியே

ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் கல்லூரிக்குப் போவதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், "பாடத்தைச் சமாளித்துவிடுவார்களா?" என்ற கேள்விதான் முதலில் வருகிறது. பெங்களூரில் இளங்கலையும் முதுகலையும் முடித்த, ஆட்டிசம் உள்ள பெண்ணாகிய எனக்கு, கேட்க வேண்டியதை விட்டு வேறொன்றைக் கேட்கிறார்கள் என்றே தோன்றுகிறது. புள்ளியியல் பாடம் என்னை ஒருநாளும் அலைக்கழித்ததில்லை. இன்றைய வகுப்பு எந்த அறையில், செய்முறைக்கு யாருடன் சேர வேண்டும், ஆசிரியர் "அப்புறம் வந்து பாரு" என்றால் எப்போது போக வேண்டும், மதிய இடைவேளையில் எங்கே போய் உட்காருவது என்பவைதான் என்னை அலைக்கழித்தன. இவை எந்தப் பாடத்திட்டத்திலும் எழுதப்படுவதில்லை. மற்ற மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்தும் காதில் விழுந்ததை வைத்தும் முதல் மாதத்திலேயே இவற்றைத் தெரிந்துகொண்டுவிடுகிறார்கள். எங்களில் பலருக்கு யாராவது சொல்லித் தரும்வரை இவை தெரிவதே இல்லை, சொல்லித் தர வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதும் இல்லை. சட்டம் எங்களுக்குத் தந்திருக்கும் உதவியோ பெரும்பாலும் தேர்வு நடக்கும் அந்த மூன்று மணி நேரத்துக்கானது. எனக்குத் தெரிந்து படிப்பைப் பாதியில் விட்ட ஆட்டிச மாணவர்களில் ஒருவர்கூடத் தேர்வறையில் தோற்று வெளியேறவில்லை. அதற்கு முந்தைய மாதங்களிலேயே அவர்கள் ஓய்ந்து போனார்கள்.

நான் பெங்களூரின் அல்சூர்ப் பகுதியில் பிறந்து வளர்ந்தவள். தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கமிருந்து வந்து தண்டு எனப்படும் கண்டோன்மென்ட் பகுதியில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை ஒரே பள்ளியில் படித்தேன். ஜன்னலோரத்து இரண்டாவது பெஞ்ச் என்னுடையது என்பது ஆசிரியைகளுக்கே தெரியும். மணி அடித்தால் என்ன செய்ய வேண்டும் என்பதில் ஒரு குழப்பமும் கிடையாது. கர்நாடகத்தில் பத்தாம் வகுப்போடு பள்ளி முடிந்து, பி.யூ.சி. என்ற பெயரில் கல்லூரி தொடங்கிவிடுகிறது. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் +2 முடியும்வரை அதே பள்ளிச் சூழலில் இருக்க, இங்கே பதினாறு வயதிலேயே அந்தச் சட்டகம் கழன்று விழுந்துவிடும். அந்த இரண்டு ஆண்டுகளை மனப்பாடத்தின் பலத்தில் கடந்தேன். இளங்கலையில் அது போதவில்லை. இரண்டாம் ஆண்டின் நடுவில், காலையில் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றுவிட்டு, தெருவில் இறங்க முடியாமல் திரும்பி உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும் நாட்கள் தொடர்ந்து வந்தபோதுதான் வீட்டில் என்னை ஒரு மருத்துவ உளவியலாளரிடம் அழைத்துச் சென்றார்கள். அவர் பல அமர்வுகளில் பேசி, சோதித்து, ஆட்டிசம் என்று சொன்னார். அம்மா அன்று இரவு சோறு போடும்போது, "எங்கப்பாவும் இப்படித்தாண்டி இருந்தாரு. அவருக்கு யாரும் ஒரு பேரும் வைக்கல" என்றார். மறுப்பாகச் சொல்லவில்லை, யோசித்துக்கொண்டே சொன்னார்.

ஆட்டிசம் உள்ளவர் கல்லூரிக்குப் போவதை இந்தக் காலத்துப் புதுமையாகப் பலர் நினைக்கிறார்கள். 1943இல் லியோ கானர் என்ற மனநல மருத்துவர் அமெரிக்காவில் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் ஆட்டிசம் ஒரு தனி நிலையாக முதன்முதலில் விரிவாக விவரிக்கப்பட்டது. அதில் முதலாவதாக வரும் சிறுவன் டொனால்ட் ட்ரிப்ளெட். அவர் மிசிசிப்பி மாநிலத்தில் உள்ள மில்சாப்ஸ் கல்லூரியில் பிரெஞ்சு மொழி படித்து 1958இல் பட்டம் பெற்றார். பிறகு சொந்த ஊரின் வங்கியில் வேலை பார்த்தார், உலகின் பல நாடுகளுக்குப் பயணம் போய் வந்தார், 2023இல் தமது 89ஆம் வயதில் காலமானார். அவர் குடும்பம் வசதியானது, ஊர் சிறியது, அவரை எல்லோருக்கும் தெரியும். அந்த ஊர் அவருக்குப் பழகிக்கொண்டது. அவருடைய திறமையைப் போலவே இந்தச் சூழலும் அவருக்குத் துணை நின்றது என்று நான் நினைக்கிறேன். எங்கள் கல்லூரியில் ஆயிரக்கணக்கான மாணவர்கள். அங்கே யாரும் யாருக்கும் பழகிக்கொள்ளக் காத்திருக்க மாட்டார்கள்.

சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இதைத்தான் வெளியே இருப்பவர்கள் மிகக் குறைவாக மதிப்பிடுகிறார்கள். ஒலி, ஒளி, தொடுகை, மணம் ஆகியவற்றை மிகையாகவோ மிகக் குறைவாகவோ உணர்வது மனநல மருத்துவர்கள் நோயறிதலுக்குப் பயன்படுத்தும், 2013இல் வெளியான டி.எஸ்.எம்.-5 கையேட்டில் ஆட்டிசத்தை அறுதியிடும் கூறுகளில் ஒன்றாகவே சேர்க்கப்பட்டுவிட்டது. எங்கள் வகுப்பறையின் கடைசி ட்யூப்லைட் மெல்ல ரீங்கரித்துக்கொண்டிருக்கும். மின்விசிறிகளில் ஒன்று ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை டிக்கென்று தட்டும். பக்கத்து மனையில் அடுக்குமாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்ததால் நாளெல்லாம் கம்பி வெட்டும் ஓசை. மற்றவர்களின் காது இவற்றை ஒதுக்கிவிட்டு ஆசிரியரின் குரலை மட்டும் எடுத்துக்கொள்கிறது. என் காது எதையும் ஒதுக்குவதில்லை, எல்லாம் ஒரே கனத்தோடு வந்து சேரும். கேன்டீனில் மிக்ஸி ஓட, எவர்சில்வர் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழ, நூறு பேர் ஒரே நேரத்தில் பேச, அங்கே நின்று டோக்கன் வாங்கி ஒரு தோசை சாப்பிடுவதற்குள் பிற்பகல் வகுப்புக்கு வேண்டிய தெம்பு முழுவதும் தீர்ந்துவிடும். ஆகவே நான் சாப்பிடுவதையே விட்டேன். வீட்டிலிருந்து கொண்டு போகும் டப்பாவைக் கப்பன் பூங்காவில் ஒரு பெஞ்சில் திறந்து சாப்பிட்டுவிட்டு, அங்கே இருக்கும் சிவப்புக் கட்டட மத்திய நூலகத்தில் உட்கார்ந்து வரும் வழக்கம் பின்னர் ஏற்பட்டது. அது என் படிப்பைக் காப்பாற்றியது என்று சொன்னால் மிகையில்லை. ஆனால் கல்லூரிக்குள்ளேயே சத்தமில்லாத ஓர் அறை கிடைத்திருந்தால், பிற்பகலின் முதல் வகுப்புக்கு அடிக்கடி தாமதமாகி வருகைப்பதிவு 75 சதவீதத்தின் விளிம்பில் வந்து நின்றிருக்காது.

பயணம் அவ்வளவு மோசமில்லை. பஸ்ஸில் போனால் எந்த இடத்தில் நிற்கும், யார் மேல் யார் இடிப்பார்கள் என்று எதுவும் தெரியாது. மெட்ரோவில் எங்கள் அல்சூரின் ஹலசூரு நிலையத்தில் ஏறினால் கதவு எப்போதும் அதே இடத்தில் திறக்கும், அறிவிப்பு எப்போதும் அதே சொற்களில் வரும். அந்த நான்கு நிறுத்தங்கள் எனக்கு ஓய்வு.

பெங்களூர்த் தமிழர்களுக்கே உரிய ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஆட்டிசம் உள்ளவர்கள், குறிப்பாகப் பெண்கள், மற்றவர்களின் முகபாவத்தையும் பேச்சு முறையையும் பார்த்துப் பயின்று தங்கள் இயல்பை மூடிக்கொள்வதைப் பற்றி ஆய்வாளர்கள் இப்போது நிறையவே எழுதுகிறார்கள். எனக்கு அந்த மூடலில் பாதியை ஊரே செய்து தந்தது. வகுப்புத் தோழிகள் கன்னடத்தில் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது நான் பேசாமல் நின்றால், "பாவம், தமிழ்ப் பெண், கன்னடம் அவ்வளவாக வராது" என்று எடுத்துக்கொள்வார்கள். உண்மையில் எனக்குக் கன்னடம் நன்றாக வரும். எந்த இடத்தில் உள்ளே நுழைந்து பேசுவது என்பதுதான் தெரியாது. அதைச் சொல்ல எனக்கு அப்போது சொற்கள் இல்லாததால், அவர்கள் தந்த காரணத்தை நானும் ஏற்றுக்கொண்டு நின்றேன். ஆனால் அதே நான் அல்சூரில் ஆடி மாதத் திருவிழாவிலோ உறவினர் வீட்டுக் கல்யாணத்திலோ அதேபோல் பேசாமல் நிற்கும்போது, தமிழிலேயே பேச்சு நடப்பதால் அந்தச் சாக்கு செல்லுபடியாகாது. "ஏன் இந்தப் பொண்ணு உம்முனு இருக்கு, காலேஜு போனதும் தலைக்கனமா?" என்பார்கள். மொழி தெரியாதவள் என்ற பெயரும் தலைக்கனம் பிடித்தவள் என்ற பெயரும் ஒரே வாரத்தில் எனக்கு வந்திருக்கின்றன. இரண்டில் எதுவும் என்னைப் பற்றிய உண்மையைச் சொல்லவில்லை. மொழித்தடை என்ற விளக்கம் எளிதில் கிடைக்கும் ஊர் என்பதாலேயே, வேறு மாநிலங்களிலிருந்து பெங்களூருக்குப் படிக்க வரும் ஆட்டிச மாணவர்கள் பலர் யார் கண்ணிலும் படாமல் போகிறார்கள் என்று நான் கருதுகிறேன்.

எங்களுக்கு வேண்டியவை எங்கும் எழுதப்படுவதில்லை என்று தொடக்கத்தில் சொன்னேன். இரண்டாம் ஆண்டில் எங்களுக்கு நிகழ்தகவுக் கோட்பாடு எடுத்த ஆசிரியை ஒருவர் இருந்தார். வகுப்புக்குள் வந்ததும் கரும்பலகையின் இடது மூலையில் அன்றைக்கு நடத்தப்போகும் தலைப்புகளைச் சிறிய எழுத்தில் எழுதிவிட்டு, ஒவ்வொன்றும் முடிந்தபின் அதை ஒரு கோட்டால் அடிப்பார். வேறு எந்தச் சலுகையும் அவர் எனக்குத் தரவில்லை, என்னைப் பற்றி அப்போது அவருக்குத் தெரியவும் தெரியாது. அந்த மூலையைப் பார்த்தால் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும், எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால் தாங்க முடியும். அவர் வகுப்பில் மட்டும் நான் ஒருமுறைகூட எழுந்து வெளியே போனதில்லை. அவருடைய தேர்வில் நான் பெற்ற மதிப்பெண்ணும் மற்ற தாள்களில் பெற்றதும் இரண்டு வெவ்வேறு மாணவிகளுடையவை போல இருந்தன. இதற்கு மாறாக, இன்டர்னல் தேர்வு அன்று காலையில் அறை மாறியிருக்கும். வகுப்புப் பிரதிநிதி அதை வாட்ஸ்ஆப் குழுவில், பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் நகைச்சுவைப் படங்களுக்கும் நடுவே ஒரு வரியில் போட்டிருப்பார். நேற்று இரவே மனத்துக்குள் நடந்து பார்த்து வைத்திருந்த மாடி, வாசல், இருக்கை எல்லாம் அந்த ஒரு வரியில் செல்லாக்காசாகிவிடும். கேள்வித்தாள் கையில் வரும்போது கை நடுங்கிக்கொண்டிருக்கும்.

வைவா என்ற வாய்மொழித் தேர்வைப் பற்றி நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு இறுகுகிறது. இறுதியாண்டில் பெங்களூரின் மழையளவுத் தரவுகளை வைத்து ஒரு ப்ராஜெக்ட் செய்திருந்தேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கோப்பைப் புரட்டிக்கொண்டே, "உங்கள் ப்ராஜெக்டைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார். எங்கிருந்து சொல்வது? தரவை எடுத்த இடத்திலிருந்தா, அந்தத் தலைப்பை ஏன் எடுத்தேன் என்பதிலிருந்தா, முடிவிலிருந்தா? எல்லாம் எனக்குத் தெரியும் என்பதே எந்த ஒன்றையும் முதலில் எடுக்கவிடாமல் செய்தது. கணினியின் விசிறி ஓடும் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் நிமிர்ந்து பார்த்து, "இதை நீங்களேதான் செய்தீர்களா?" என்றார். அப்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதே நிகழ்தகவு ஆசிரியை குறுக்கிட்டு, "மூணாவது அட்டவணையில ஒரு வருஷத்தை விட்டுட்டியேம்மா, ஏன்?" என்று கேட்டார். நான் பேச ஆரம்பித்தேன். அந்த ஆண்டின் தரவில் எந்த மாதங்கள் விடுபட்டிருந்தன, விடுபட்டதைச் சராசரியால் நிரப்பினால் பரவல் எப்படிச் சுருங்கும், அதனால் ஏன் நிரப்பாமல் விலக்கினேன் என்று அவர்கள் போதும் என்று சொல்லும்வரை பேசினேன். முதல் கேள்விக்கும் இரண்டாம் கேள்விக்கும் இடையில் என் அறிவில் ஏதும் கூடிவிடவில்லை, கேள்வியின் வடிவம்தான் மாறியது. விரிந்த கேள்வியை எதிர்கொள்ள முடியாமல் நிற்கும் மாணவரைப் படிக்காதவர் என்றும், இன்னும் மோசமாக, திருடியவர் என்றும் முடிவு செய்யும் வழக்கம் நம் வைவாக்களில் ஊறிப்போயிருக்கிறது. எத்தனை பேருடைய உழைப்பு இப்படிச் சில நிமிட மௌனத்தில் கரைந்து போயிருக்கும் என்று நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

குழுவாகச் செய்யும் பணிகளிலும் இதே கதைதான். "நாலு நாலு பேரா சேந்துக்குங்க" என்று ஆசிரியர் சொன்னதும் ஒரு நிமிடத்துக்குள் கண்ணாலேயே எல்லோரும் பிரிந்து சேர்ந்துவிடுவார்கள். மிஞ்சி நிற்பவர்களில் நான் எப்போதும் இருப்பேன். ஆசிரியரே பட்டியல் போட்டு, யாருக்கு எந்தப் பகுதி என்றும் எழுதிக் கொடுத்துவிட்டால் இந்தச் சிக்கலே இல்லை. அப்படிப்பட்ட குழுக்களில் நான் நன்றாக வேலை செய்திருக்கிறேன், தோழிகளும் கிடைத்திருக்கிறார்கள். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மற்றவர்களின் மனம் புரிவதில்லை என்றே நெடுங்காலமாகச் சொல்லி வந்தார்கள். தாமே ஆட்டிசம் உள்ளவரான பிரிட்டன் ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012இல் இதைத் திருப்பிக் கேட்டார்: புரியாமை இரு பக்கமும் இருக்கும்போது குறை ஒரு பக்கத்துடையது மட்டும் எப்படியாகும்? என்னைத் தலைக்கனம் பிடித்தவள் என்றவர்களுக்கும் என் மனம் புரியவில்லைதான். ஆனால் அதற்கு அவர்களை யாரும் பரிசோதனைக்கு அனுப்புவதில்லை.

இனி சட்டம். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகளே இருந்தன, ஆட்டிசம் அதில் இல்லை. 1999இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைச் சேர்த்துக்கொண்டாலும் அது கல்லூரி இடங்களைப் பற்றியதன்று. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016தான் வகைகளை 21 ஆக உயர்த்தி, ஆட்டிசத்தையும் உள்ளே கொண்டுவந்தது. 2017 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதத்துக்குக் குறையாத இடங்களும், வயது வரம்பில் ஐந்தாண்டுத் தளர்வும் உண்டு. இவற்றைப் பெறக் குறைந்தது 40 சதவீதக் குறைபாடு என்று சான்றிதழ் வேண்டும். தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் என்பதால் மூன்று மணி நேரத் தேர்வை நான்கு மணி நேரம் எழுதலாம், தேவைப்பட்டால் நாம் சொல்லச் சொல்ல விடை எழுதித் தரும் ஸ்க்ரைப் ஒருவரை வைத்துக்கொள்ளலாம். இவையெல்லாம் பெரிய உதவிகள், இவற்றுக்காக நீதிமன்றம் வரை போனவர்களுக்கு நான் நன்றியுடையவள். ஆனால் பெங்களூரில் பெரும்பாலான பிள்ளைகள் படிப்பது உதவி பெறாத தனியார் கல்லூரிகளில். இட ஒதுக்கீடு அங்கே எட்டுவதில்லை.

சான்றிதழ் பெறுவதும் எளிதன்று. ஆட்டிசத்தை மதிப்பிட இங்கே பயன்படுத்தும் ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற இந்திய அளவுகோலில் ஆறு பிரிவுகளில் 40 கூறுகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 70க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை என்றே பொருள். கண்ணைப் பார்த்துப் பேசாமை, சொன்னதையே திரும்பச் சொல்லுதல், பொருள்கள்மீது மிகையான பற்று போன்றவற்றை அதில் பார்க்கிறார்கள். இருபது வருடமாக அடி வாங்கி, திட்டு வாங்கி, கண்ணைப் பார்த்துப் பேசப் பழகிவிட்ட ஒரு பெண் அங்கே போய் உட்கார்ந்தால், அவள் பட்ட பாடே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது. என் தோழி ஒருத்தியிடம், "நீ நல்லாப் பேசுறியேம்மா, உனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். எனக்குச் சான்றிதழ் கிடைத்தது, அவளுக்குக் கிடைக்கவில்லை. அன்றாடம் என்னைவிட அதிகம் சிரமப்படுகிறவள் அவள்தான்.

அவளைப் போன்றவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டிய தீர்ப்பு ஒன்று உண்டு. 2021 பிப்ரவரியில், விகாஷ் குமார் என்பவர் மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையமான யு.பி.எஸ்.சி.க்கு எதிராகத் தொடுத்த வழக்கில், 40 சதவீதம் என்ற அளவு இட ஒதுக்கீடு போன்ற சிலவற்றுக்கு மட்டுமே உரியது என்றும், ஸ்க்ரைப் போன்ற நியாயமான ஏற்பாடுகளைப் பெற அதை ஒரு நிபந்தனையாக்கக் கூடாது என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. எழுதும்போது விரல்கள் இழுத்துக்கொள்ளும் நிலை அவருக்கு. அந்தத் தீர்ப்பைத் தொடர்ந்து 2022 ஆகஸ்டில், 40 சதவீதத்துக்குக் கீழே உள்ளவர்களில் எழுதச் சிரமப்படுவோருக்கும் மத்திய அரசு வழிமுறைகளை வெளியிட்டது. அதைவிட முக்கியமானது, நியாயமான ஏற்பாட்டை மறுப்பதும் பாகுபாடே என்று 2016 சட்டத்தின் வரையறையிலேயே இருப்பது. ஆகவே, தேர்வறைக்கு வெளியே வேண்டியதைக் கேட்பதற்கும் அடித்தளம் சட்டத்தில் இருக்கிறது. கல்லூரிகள்தான் கூடுதல் நேரத்தைக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று கோப்பை மூடிவிடுகின்றன.

நான் விடுதியில் தங்கியதில்லை. தங்கிய நண்பர் ஒருவர், பொறியியல் படிக்க மதுரைப் பக்கமிருந்து இங்கே வந்தவர், தன் முதல் ஆண்டைப் பற்றிச் சொன்னது என்னை நெடுநாள் தூங்கவிடவில்லை. மூத்த மாணவர்கள் விளையாட்டாக இட்ட கட்டளைகளை அவர் கட்டளைகளாகவே எடுத்துக்கொண்டு செய்திருக்கிறார். "மாடியில நின்னு காவல் பாரு" என்று சொன்னவர்கள் தூங்கப் போய்விட, விடியும்வரை மாடியில் நின்றிருக்கிறார். ராகிங்கைத் தடுக்க யு.ஜி.சி. 2009இலேயே விதிமுறைகள் கொண்டுவந்தது, உறுதிமொழிப் படிவத்தில் ஒவ்வொரு மாணவரும் கையெழுத்திடுகிறார். ஆனால் தனக்கு நடப்பது ராகிங் என்று அடையாளம் காண்பதற்கே ஒருவர் துணை தேவைப்படும் மாணவருக்கு அந்தப் படிவம் எப்படிக் காவலாகும்? வாரம் ஒருமுறை அவரைத் தனியே கூப்பிட்டு, இந்த வாரம் யார் என்ன சொன்னார்கள் என்று கேட்கும் ஒரே ஒரு ஆசிரியர் போதுமாக இருந்திருக்கும். அவர் இரண்டாம் ஆண்டில் படிப்பை விட்டார். இப்போது ஊரில் இருந்தபடி தொலைநிலைக் கல்வியில் படிக்கிறார், நன்றாகவே படிக்கிறார்.

முதுகலையில் சேர்ந்தபோது நான் வேறு மாதிரி தொடங்கினேன். வகுப்புகள் ஆரம்பிக்கும் முன்பே துறைத் தலைவருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதி, நகலில் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கி வைத்துக்கொண்டேன். ஆட்டிசம் என்றால் என்ன என்ற விளக்கத்துக்கு அதில் இரண்டு வரிதான். மீதி முழுவதும் வேண்டியவை: அறையோ நேரமோ மாறினால் முதல் நாள் மாலைக்குள் எனக்குத் தனியே ஒரு செய்தி, வகுப்பிலும் தேர்விலும் காதடைப்பான் போட்டுக்கொள்ள அனுமதி, குழுக்களை ஆசிரியரே பிரிப்பது, வைவாவில் முதல் கேள்வி குறிப்பானதாக இருப்பது, தேவைப்படும்போது கேட்காமல் எழுந்து வெளியே போய் வர இசைவு, எந்தச் சந்தேகத்துக்கும் நான் அணுக வேண்டிய ஒரே ஒருவரின் பெயர். எதற்கும் கல்லூரிக்குப் பணம் செலவாகவில்லை. ஒன்றிரண்டு ஆசிரியர்கள் முணுமுணுத்தார்கள், மற்றவர்கள் செய்தார்கள். அம்மா அந்தக் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "இவ்வளவுதானாடி?" என்றார்.

இந்த ஆண்டு சேரப்போகும் பிள்ளைகளின் பெற்றோர் யாரேனும் இதைப் படித்தால், அந்தக் கடிதத்தைப் பிள்ளையோடு சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்கள், பிள்ளையின் சொற்களிலேயே எழுதுங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். அது கையில் இருந்தால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிட முடியும். கல்லூரியில் கற்பிப்பவர்கள் படித்தால் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த வைவாவில் ஒரு மாணவர் பேசாமல் நின்றால், "இதை நீதான் செய்தாயா?" என்று கேட்பதற்கு முன், அவருடைய கோப்பில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, அதில் உள்ள ஒரு வரியைக் காட்டி, இது ஏன் இப்படி என்று கேட்டுப் பாருங்கள்.